மாதங்கி: திருப்பதி ஜாத்திரையின் ஒரு வேடமும் அதன் மறுபக்கமும்

இந்திய மாநிலங்களையும் அவற்றின் நாட்டுப்புற நடனங்களையும் இணைத்துக் காட்டும் அட்டவணையை மனப்பாடம் செய்யாத மாணவர் அரிது. பஞ்சாப் என்றால் பாங்க்ரா, அசாம் என்றால் பிஹு, குஜராத் என்றால் கர்பா, தமிழ்நாடு என்றால் கரகாட்டம். ஆந்திரப் பிரதேசத்திற்கு நேராகப் பல கையேடுகளில் குச்சிப்புடி அமர்ந்திருக்கும். அது நாட்டுப்புற நடன வகையில் சேராது என்பதைக் கேட்பார் இல்லை. இந்த அட்டவணை பழமையானதும் அன்று. குடியரசு நாளையொட்டி டில்லியில் நாட்டுப்புற நடன விழா தொடங்கியது 1953-இல். சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திர மாநிலம் பிரிந்ததும் அதே ஆண்டு அக்டோபர் 1-இல். ஒரு மாநிலம், ஒரு குழு, ஒரே நிறத்தில் உடை, மேடையில் சில நிமிடங்கள் என்னும் வடிவம் அந்தப் பத்தாண்டில்தான் உறுதிப்பட்டது. பாங்க்ராவின் இன்றைய மேடை வடிவமே 1950-களின் குடியரசு நாள் நிகழ்ச்சிகளோடு சேர்ந்து உருவானது.

இத்தகைய அட்டவணையில் இடம்பெற முடியாத ஆட்டங்கள் பல. அவற்றுள் ஒன்று திருமலை அடிவாரத்திலேயே நிகழ்கிறது. திருப்பதி நகரின் தாத்தய்யகுண்ட கங்கம்மா கோயிலில் ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு வாரம் நடைபெறும் ஜாத்திரையே அது. கங்கம்மா வேங்கடவனின் தங்கை என்பது ஊர் வழக்கு. ஆகவே திருமலையிலிருந்து அவளுக்குப் புடவையும் மஞ்சள் குங்குமமும் பிறந்தவீட்டுச் சீராக வருகின்றன. மலைமேல் ஆகமம், தங்க விமானம், வரிசையில் காத்திருப்பு. கீழே உயிர்ப்பலி, பொங்கல் பானை, வசைமொழி, தெருவெங்கும் பெண் வேடமிட்ட ஆண்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்று மக்கள் சொல்வதில் எந்தச் சங்கடமும் இல்லை.

ஜாத்திரையின் கதை சுருக்கமானது. ஊரை ஆண்ட பாளேகாடு (தமிழில் பாளையக்காரன்) பெண்களை இச்சைக்கு இழுத்தான். அவனை அழிக்கத் தோன்றிய கங்கம்மா தன் உருவைக் காட்டியதும் அவன் ஓடி ஒளிந்தான். அவள் நாளுக்கொரு வேடம் பூண்டு அவனைத் தேடினாள். சித்தூர்ப் பகுதியில் இது வெறும் புராணச் சொல் அன்று. இங்கிருந்த பாளையக்காரர்களைக் கும்பினிப் படை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அடக்கியது. உடல் முழுதும் வெண்ணிறம் பூசிய பைராகி, குங்குமம் அப்பிய பண்ட, கரி பூசிய தோட்டி என வேடங்கள் தொடர்கின்றன. நான்காவது தொர, தமிழில் துரை. பெரிய துரை வந்திருக்கிறார் என நம்பி மரியாதை செய்ய வெளியே வந்த பாளேகாட்டின் தலை அறுபடுகிறது. அடுத்த வேடம் மாதங்கி. கொன்ற கையோடு அவள் செல்வது பாளேகாட்டின் வீட்டுக்கு, விதவையான அவன் மனைவியைத் தேற்றுவதற்கு. கடைசி வேடங்கள் முடிந்தபின் கோயில் முன்றிலில் மண்ணால் சமைத்த பெரிய முகம் கலைக்கப்பட, ஜாத்திரை நிறைவுறுகிறது.

இவ்வேடங்களை ஏற்கும் உரிமை ஒரே குடும்பத்துக்கு உரியது: கைகால குலத்தார். மிராசு என்றே அவ்வுரிமையைச் சொல்கிறார்கள். வேடம் பூண்ட கைகால ஆண் பம்பை ஒலிக்கத் தெருத்தெருவாக வருகிறான். வீட்டு வாசலில் பெண்கள் ஆரத்தி எடுக்கிறார்கள். அந்நேரத்தில் அவன் தெய்வம். குடும்பப் பெயரே மொழியியல் மாணவர் நின்று பார்க்கவேண்டியது. ஆந்திர அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கைகால, கைக்கோளன், செங்குந்தர் ஆகியவை ஒரே பதிவில் வருகின்றன. சோழர் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளாகத் தோன்றும் கைக்கோளர், பின்னாளில் நெசவாளராக நாமறிந்த கைக்கோளர், தெலுங்கு நாவில் கைகால ஆகியுள்ளனர். கோயில் பூசையை நெடுங்காலம் கவனித்ததும் தமிழ் பேசும் முதலியார் குடும்பமே. ‘ஆந்திராவின் திருவிழா’ என்று இதற்கு முத்திரை குத்துவதற்குமுன் சற்றுத் தயங்க இது போதும்.

கைகாலர் மட்டுமன்றி ஊரின் ஆண்களும் நேர்த்திக்கடனாகப் புடவை கட்டி, சடை பின்னி, பூச்சூடிக் கோயிலுக்கு வருகிறார்கள். குலசேகரப்பட்டினத்துத் தசராவில் காளி வேடம் கட்டுவோரை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. பெண்கள் வேடம் கட்டுவதில்லை. முகத்தில் மஞ்சள் பூசுகிறார்கள், பொங்கலிடுகிறார்கள். இதை விளக்கியவர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர். 1992-இலிருந்து இந்த ஜாத்திரையைக் கவனித்து 2013-இல் நூலாக்கிய அவர், தேவியின் உக்கிரத்தைத் தாங்க ஆண்தான் மாறவேண்டியுள்ளது, பெண் ஏற்கெனவே தேவியின் இயல்பில் பங்குடையவள் என்று வாதிடுகிறார். அழகிய வாதம். ஆனால் மாதங்கி என்னும் ஒரு வேடத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் அது முழுதாக நிற்பதில்லை. ஏனெனில், அந்தப் பெயரைத் தாங்கிய பெண்களும் இம்மண்ணில் இருக்கிறார்கள்.

சொல்லின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். வடமொழியில் மாதங்க என்பதற்கு யானை என்ற பொருளோடு, சாதிப் படிநிலையின் கடைசியில் வைக்கப்பட்டோர் என்ற பொருளும் உண்டு. தமிழ் நிகண்டுகள் பாணரைக் குறிக்கும் பெயர்களுள் மதங்கர் என்பதையும் சேர்க்கின்றன. கலம்பகத்தின் உறுப்புகளில் மதங்கு என ஒன்று உண்டு: இரு கையிலும் வாளேந்திச் சுழன்றாடும் இளம்பெண்ணைக் கண்ட காமுகன் கூற்றாக அது அமையும். அதாவது தமிழ் இலக்கண மரபில் மதங்கி ஆடுபவள், பார்ப்பவன் ஆண், பார்வை இச்சையின் பார்வை. கலம்பகத்தின் மதங்கிக்கும் சித்தூரின் மாதங்கிக்கும் இடையே நேர்க்கோடு இழுப்பது அவசர வேலை. எனினும் ஆடுபவள், தாழ்ந்த குலத்தாள் ஆகிய இரு கூறுகளும் இச்சொல்லில் வெகு காலமாகவே சேர்ந்து கிடக்கின்றன என்பது தெளிவு.

தெலுங்கு மாவட்டங்களில் மாதங்கி ஒரு சடங்குப் பதவி. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதிகளில், தோல் தொழில் செய்த மாதிக குலத்தைப் பற்றிய பகுதியில் அவளைக் காணலாம். மணமாகாமல் வாழ்நாள் முழுதும் இருக்கவேண்டியவள். திருவிழா நாளில் வெறியாடி, உயர்சாதியார்மீது எச்சில் உமிழ்வாள், வாய்க்கு வந்தபடி ஏசுவாள். அந்த எச்சில் தீட்டைப் போக்கும் என்று அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். தலை ஒருத்திக்கும் உடல் மற்றொருத்திக்குமாக மாறிப் பொருந்திய ரேணுகை கதையோடு இவ்வழக்கம் பிணைந்தது. ஆண்டுக்கு ஒருநாள் தலைகீழாகும் இந்த அதிகாரத்தைக் கண்டு வியக்கும் ஆய்வாளர்கள், மறுநாள் காலையில் அவள் எந்தச் சேரிக்குத் திரும்பினாள் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

சித்தூர் மாவட்டத்திலும் எல்லைக்கு இப்பால் திருவள்ளூர் மாவட்டத்திலும் இப்பெண்ணின் பெயர் மாத்தம்மா. பெரும்பாலும் மாதிக, அருந்ததியர் குடும்பங்கள். குழந்தைக்குத் தீரா நோய் கண்டால் பிழைத்தால் உனக்கே தருகிறேன் என்று தேவியிடம் வேண்டிக்கொள்கிறார்கள். பிழைத்த பெண்ணுக்குத் தேவியின் பெயரால் தாலி கட்டப்படுகிறது. பிறகு அவளுக்கு வேறு மணம் இல்லை. கோயில் விழாவில் ஆடவேண்டும். சாவு ஊர்வலத்தில் மேளத்துக்கு முன்னால் ஆடவேண்டும். பிள்ளைகள் பிறக்கும், தந்தை பெயர் எழுதவேண்டிய கட்டம் வெறுமையாக இருக்கும். நாட்டுப்புற நடனம் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் தேடினால் இவர்கள் ஆடுவதற்கே அது மிகப் பொருந்தும். எந்த அட்டவணையிலும் இவர்கள் இல்லை.

சட்டத்தின் கண்ணில் பட்டதும் தாமதமாகத்தான். முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் இறுதியில் தொடங்கிய போராட்டத்தின் முடிவாகச் சென்னை மாகாணம் 1947-இல் தேவதாசி அர்ப்பணிப்புத் தடைச் சட்டத்தை இயற்றியது. அன்று சித்தூரும் திருத்தணியும் ஒரே மாகாணத்தில் ஒரே மாவட்டத்தில் இருந்தன. அர்ப்பணிப்பதோடு, கோயில் வளாகத்திலும் தெய்வ ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையும் அச்சட்டம் தடுத்தது. ஆனால் அது பெயர் குறித்துச் சுட்டிய குலங்கள் போகம், கலாவந்துலு, சானி, நாகவாசுலு, தேவதாசி, கூர்மாபுலு. கோயிலையும் அரசவையையும் சார்ந்து இசையும் சதிரும் பயின்ற குலங்கள் அவை. சேரியின் மாத்தம்மா அப்பட்டியலில் இல்லை. அவளுக்குக் கலையும் இருப்பதாக எவரும் கருதாததால், அவள் கலையைத் தடை செய்யவேண்டும் என்றும் எவருக்கும் தோன்றவில்லை போலும். 1988-இல் ஆந்திரப் பிரதேசம் இயற்றிய புதிய சட்டமே தேவதாசி என்பதன் வரையறைக்குள் பசவி, ஜோகினி, பார்வதி, மாதம்மா, தாயம்மா என்ற பெயர்களை எழுதிச் சேர்த்தது. சதிர் பரதநாட்டியமாகி மேடையேறி அரை நூற்றாண்டு கழிந்தபின் நேர்ந்தது இது.

கைக்கோளர் வரலாற்றோடு இதை ஒப்பிட்டால் இன்னொரு முரண் தெரியும். கோயம்புத்தூர்க் கைக்கோள இசைக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பெண்ணையேனும் கோயிலுக்கு விடுவது வழக்கம் என்று தர்ஸ்டன் எழுதுகிறார். அப்பெண்களின் கோயில் உரிமை 1947-க்குப் பின் சட்டவிரோதம். திருப்பதிக் கைகால ஆணின் மிராசு தொடர்கிறது. இருவரும் ஒரே குலப்பெயர் உடையோர், இருவரும் தெய்வத்துக்காக ஆடியோர். ஆண் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் வேறுபாடு. தமிழில் வேடத்தைக் ‘கட்டுகிறோம்’, ‘கலைக்கிறோம்’. தாலிக்குக் கட்டுதல் உண்டு, கலைத்தல் இல்லை.

ஃப்ளூக்கிகர் மாத்தம்மாக்களைப் பார்க்காமல் விட்டவர் அல்லர். தேவியோடு தாலி மாற்றிக்கொள்ளும் பெண்களைப் பற்றி ஒரு தனி இயலே எழுதியுள்ளார். அத்தாலி அவர்களுக்குப் பாதுகாப்பும் நடமாடும் உரிமையும் தருகிறது என்பது அவர் கருத்து. வட கர்நாடகத்து எல்லம்மாவின் ஜோகதிகளை ஆராய்ந்த லூசிண்டா ராம்பர்க் (2014) இன்னும் ஓரடி முன்செல்கிறார்: தேவியோடு நிகழும் அம்மணத்தை மூடநம்பிக்கை என ஒதுக்காமல் மெய்யான உறவாகவே கொள்ளவேண்டும் என்கிறார். பிரியதர்ஷினி விஜய்ஸ்ரீ (2004) தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டவர்களின் சடங்குப் பெண்களைக் கோயில் தேவதாசியிடமிருந்து பிரித்துப் பார்க்கவேண்டிய தேவையை நிறுவினார். மூவரில் சித்தூருக்கு மிகுதியும் உதவுவது விஜய்ஸ்ரீயின் பிரிப்பே. பெண்ணின் செயலாண்மையைத் தேடுவது நியாயம்தான். ஆனால் வேண்டுதல் செய்தவர் பெற்றோர், தாலி ஏறியது குழந்தையின் கழுத்தில். நடமாடும் உரிமை என்று நூல் சொல்வது, எந்த ஊர்ச் சாவுக்கும் ஆடப் போகவேண்டிய கட்டாயத்திலிருந்து பிரித்தெடுக்கக்கூடியதாக இல்லை.

2024 டிசம்பரில் வெளிவந்த ‘புஷ்பா 2’ படத்தால் ஜாத்திரை வேடம் இந்தியா முழுதும் தெரிந்த உருவமாயிற்று. புடவையும் எலுமிச்சை மாலையும் நீலம் பூசிய முகமுமாக நாயகன் தோன்றிய முதல் படத்தைக் கண்டதுமே பத்திரிகைகள் மாதங்கி வேடம் என்று எழுதின. ஆண் பெண்ணாவதால் வீரம் குறையாது, கூடும் என்ற ஜாத்திரையின் மையக் கருத்தை அப்படம் ஓரளவு பிடித்தும் இருந்தது. அதன்பின் கல்லூரி விழாக்களில் இவ்வேடம் வரத் தொடங்கியதில் வியப்பில்லை. இனி அது நடன அட்டவணையிலும் ஏறக்கூடும். ஏறினால் ஏறப்போவது ஆண் அணியும் மாதங்கிதான்.

வேடத்தின் மறுபக்கம் வேறொரு கோப்பில் கிடக்கிறது. 2017 செப்டம்பரில், சிறுமியர் மணப்பெண்ணாக அலங்கரிக்கப்பட்டு மாத்தம்மாவுக்கு விடப்படுவதாக எழுந்த புகாரின்பேரில், தேசிய மனித உரிமை ஆணையம் தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு அரசுகளுக்கும் அறிவிக்கை அனுப்பியது. இரு அரசுகள் என்றாலும் ஒரே நிலப்பகுதி. 1911 ஏப்ரல் 1-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் ஊர்களை எடுத்து உருவாக்கிய சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திரத்தோடு போயிற்று. ம.பொ.சி. முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்தால் 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்துக்கு மீண்டது, திருப்பதி மீளவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதியே தனி மாவட்டமானது. இக்கோடுகளில் எதுவும் நேர்த்திக்கடனைத் தடுக்கவில்லை. நகரியில் தாலி கட்டப்பட்ட பெண் திருத்தணிப் பக்கத்து ஊரில் ஆடுவதற்குச் சில கல் தொலைவு நடந்தால் போதும். அந்நடையில் அவள் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தை விட்டு 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்துவிடுகிறாள். அங்கே மாத்தம்மா என்ற சொல்லே எழுதப்படவில்லை.