சீட்டில் எழுதிய நடை

வில்லியம் பான்டிங் லண்டனில் இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் தொழில் செய்தவர். குனிந்து காலணிக் கயிறு கட்ட முடியாத உடம்பு. 1862 ஆகஸ்டில் அவர் எடை 202 பவுண்டு, அதாவது 92 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உயரமோ ஐந்தடி ஐந்து அங்குலம்தான். அதற்குப் பல வருடம் முன்பே ஒரு மருத்துவர் அவரை உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு அருகில் ஆறு ஓடியது. விடியற்காலையில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். கைகால் உரமேறியது, கூடவே அகோரப் பசியும் வந்தது, எடையும் ஏறியது. அதே மருத்துவர் படகை விட்டுவிடச் சொன்னார். பிறகு உணவை மாற்றி இளைத்த பான்டிங், 1863இல் தன் கதையைச் சிறுநூலாக எழுதினார். உலகம் அதிலிருந்து உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டது.

எனக்கு அந்தப் படகுதான் மனதில் நிற்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் மருத்துவன் நான். முப்பதுகளில் இருந்தவர் தினமும் துடுப்புப் போட்டு உரமேறியிருக்கிறார். எடை குறையவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கணக்கு தப்பு என்று காட்டியவர் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர். லண்டனின் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் அவர் குழு எழுதியது. ஓட்டுநர்கள் பருமனானவர்கள், அதனால்தானோ என்று கேள்வி வந்தது. 1956இல் அவர்கள் போக்குவரத்து நிறுவனத்தின் சீருடைப் பதிவேடுகளையே புரட்டினார்கள். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு உண்மையிலேயே பெரிதாக இருந்தது. ஆனால் நடத்துநர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பை இடுப்பளவு மட்டும் விளக்கவில்லை. பருமனான நோயாளி எதிரே உட்காரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்ளும் உண்மை இது. இளைத்தாலும் இளைக்காவிட்டாலும் நடைக்குத் தனிப் பலன் உண்டு.

இதை நோயாளியிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது? அந்த வேலையைச் சிரத்தையாகச் செய்த நாடு நியூசிலாந்து. அங்கே குடும்ப மருத்துவர்கள் மாத்திரையை எழுதுவதுபோல் நடையையும் ‘பச்சைச் சீட்டில்’ எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆக்லாந்திலும் டனீடனிலும் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், அதிகம் நடமாடாத 491 பேருக்கு மருத்துவர்கள் பேசி ஆலோசனை சொன்னார்கள். பாதிப் பேருக்கு அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், வாய்ச்சொல் மட்டும் கேட்டவர்களில் 63 சதவீதம் பேரும், சீட்டு வாங்கியவர்களில் 73 சதவீதம் பேரும் முன்பைவிடக் கூடுதலாக உடம்பை அசைத்திருந்தார்கள். ஒரு துண்டுக் காகிதத்துக்கு இது பெரிய காரியம்.

வைகாட்டோ பகுதியில் 42 குடும்ப மருத்துவ நிலையங்களில் நடந்த அடுத்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. 40 முதல் 79 வயது வரை 878 பேர். ஆளைத் தேர்ந்தெடுக்க எடை இயந்திரத்தில் ஏற்றவில்லை. வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் நடையோ பயிற்சியோ உண்டா என்று காத்திருக்கும் இடத்திலேயே கேட்டார்கள். இல்லை என்றவர்களோடு மருத்துவரோ செவிலியரோ உட்கார்ந்து பேசி, அவரவரால் முடிந்ததைச் சீட்டில் எழுதினார்கள். நோயாளி சம்மதித்தால் அந்த விவரம் உள்ளூர் விளையாட்டு அமைப்புக்கு ஃபேக்ஸில் போகும். அங்கிருந்து ஒரு பயிற்சியாளர் மூன்று மாதத்தில் மூன்று முறையாவது தொலைபேசியில் கூப்பிடுவார். பத்து, இருபது நிமிடம் பேசுவார்.

வருட முடிவில், வாரம் இரண்டரை மணி நேரம் என்ற இலக்கைத் தொட்டவர்கள், சீட்டு இல்லாத பிரிவைவிட நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் கூடுதலாகப் பெருகியிருந்தார்கள். உடல்வலி தணிந்தது, தெம்பு கூடியது. இதயநோய் ஆபத்தில் மட்டும் அந்த ஒரு வருடத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்துச் சோர்ந்துபோன சக மருத்துவர்களை எனக்குத் தெரியும். நான் சோரவில்லை. மூட்டுவலியோடு வரும் ஒரு அம்மாவுக்கு வலி குறைவதும் தெம்பு வருவதும் சின்ன விஷயமில்லை.

இப்போது ஓ.பி. சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே நடையையும் எழுதுகிறேன்: சாயங்காலம் இருபது நிமிடம், ஏரிக்கரை வரை, பக்கத்து வீட்டு அக்காவோடு. தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்கத்தான் ஆள் இல்லை. அதற்கென்று ஒருவரை நியமிக்கச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன்.