அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ)

அருளானந்தர் (மார்ச் 1, 1647 - பிப்ரவரி 4, 1693) பதினேழாம் நூற்றாண்டில் மதுரை மிஷனில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி. இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. போர்த்துக்கல் அரசவையில் வளர்ந்து, தமிழகத்தில் பண்டாரத் துறவியாக வாழ்ந்தவர். மறவர் நாட்டில் சமயப் பணி செய்ததற்காக ஓரியூரில் கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபை 1947-ல் இவரைப் புனிதராக அறிவித்தது.

பின்னணி: மதுரை மிஷன்

மதுரையில் கிறிஸ்தவப் பணி ஏற்கெனவே நடந்து வந்தபோதும், 1606-ல் ராபர்ட் டி நோபிலி வந்த பிறகே அது உள்நாட்டு மக்களைச் சென்றடையத் தொடங்கியது. அதுவரை கிறிஸ்தவம் ‘பறங்கியர் மதம்’ என்றே கருதப்பட்டது. பறங்கியர் மாட்டிறைச்சி உண்பவர்கள், மது அருந்துபவர்கள் என்ற எண்ணத்தால் மக்கள் அவர்களை விலக்கினர். நோபிலி காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்ற பெயரில் துறவியாக வாழ்ந்தார்.

நோபிலி பின்பற்றிய பிராமணத் துறவி முறையில் ஒரு சிக்கல் இருந்தது. உயர்சாதியினருடன் பழகும் துறவி தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் செல்ல முடியவில்லை. இதனால் 1640 முதல் ‘பண்டாரசாமி’ என்ற இரண்டாவது துறவியர் வகை உருவாக்கப்பட்டது. சைவ மரபில் பண்டாரங்கள் பல சாதியினரிடையேயும் பழகிய துறவிகள். அவர்களைப் போலவே பண்டாரசாமிகளும் எல்லாச் சாதியினருக்கும் பணி செய்ய முடிந்தது. அருளானந்தர் இந்தப் பண்டாரசாமிகளில் ஒருவர்.

பெயரில் மதுரை இருந்தாலும் மதுரை மிஷன் ஒரு நகரத்துக்குள் அடங்கியதல்ல. மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், செஞ்சி, மறவர் நாடு எனப் பல அரசர்களின் ஆட்சிப் பகுதிகளில் அது பரவியிருந்தது. ஓர் அரசரின் எல்லையில் கிடைத்த அனுமதி அடுத்த எல்லையில் செல்லாது.

பிறப்பு, இளமை

ஜான் டி பிரிட்டோ லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். தந்தை சல்வதோர் டி பிரிட்டோ பிரேசிலில் அரசுப் பதவி வகித்தபோது இறந்தார். சிறுவயதில் அரசவையில் பணிக்குச் சேர்க்கப்பட்ட ஜான், பின்னாளில் அரசரான இளவரசர் பேத்ரோவுடன் வளர்ந்தார். கடுமையாக நோயுற்றபோது அவருடைய தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்ததும் நேர்த்திக்கடனாக ஓராண்டு இயேசு சபை அங்கியை அணிவித்தார்.

1662 டிசம்பரில் ஜான் இயேசு சபையில் சேர்ந்தார். இந்தியாவுக்குச் செல்ல விரும்பினார். தாய் அதை எதிர்த்தார். ஆயினும் 1673-ல் கப்பலேறிக் கோவா வந்தார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனில் சேர்ந்தார்.

பக்தியும் அன்றாட வாழ்வும்

தமிழகத்தில் இவர் அருளானந்தர் என்ற பெயரை ஏற்றார். காவி உடுத்தார். இறைச்சியையும் மதுவையும் விலக்கினார். சோறும் காய்கறியும் கொண்ட எளிய உணவை உண்டு, தரையில் படுத்தார். செஞ்சி, தஞ்சைப் பகுதிகளில் பெரும்பாலும் நடந்தே ஊர் ஊராகச் சென்றார். பல இடங்களில் கோயில் என்பது ஒரு கூரைக் கொட்டகை மட்டுமே. பகலில் செல்ல முடியாத ஊர்களுக்கு இரவில் சென்று திருப்பலி நிறைவேற்றினார்.

வெளிவேடம் ஒரு துறவியை உருவாக்காது என்பது மதுரை மிஷனில் அனைவரும் அறிந்தது. மக்கள் துறவியின் உணவையும் பேச்சையும் பொறுமையையும் கவனித்தனர். ஆகவே அங்கே பக்தி என்பது தனியறையில் செய்யும் ஜெபத்தோடு முடியவில்லை. பசி, வெயில், அவமதிப்பு ஆகியவற்றை ஒருவர் எதிர்கொள்ளும் விதமே அவருடைய நம்பிக்கையின் சான்றாகக் கொள்ளப்பட்டது. அருளானந்தர் மீதான மதிப்பு இந்த அடிப்படையில் உருவானது.

இப்பணியில் உபதேசியார்களின் பங்கு பெரிது. குருக்கள் ஒரு சிலரே இருந்ததால், ஆண்டின் பெரும்பகுதி ஊர்களில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவர்களும் நோயாளிகளைப் பார்த்தவர்களும் உள்ளூர் உபதேசியார்களே. குருவுக்கு நேர்ந்த துன்பங்களில் அவர்களும் பங்கு பெற்றனர்.

முதல் சிறைவாசம் (1686)

1685-ல் அருளானந்தர் மதுரை மிஷனின் தலைவரானார். அடுத்த ஆண்டு, பல காலம் குரு இல்லாதிருந்த மறவர் நாட்டுக்குச் சென்றார். ரகுநாத கிழவன் சேதுபதி அங்கே ஆட்சி செய்தார். சில வாரங்களில் இரண்டாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குப் பெற்றனர் என்று இயேசு சபைக் குறிப்புகள் கூறுகின்றன.

1686 ஜூலையில் அவரும் உபதேசியார்களும் கைது செய்யப்பட்டனர். சிவன் பெயரைச் சொல்லுமாறு அவர்கள் வற்புறுத்தப்பட்டனர். மறுத்ததால் சாட்டையால் அடிக்கப்பட்டனர், நீரில் அமிழ்த்தப்பட்டனர், வெயிலில் கிடத்தப்பட்டனர். இறுதியில் ராமநாதபுரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டபோது சேதுபதி அவர்களை நேரில் விசாரித்து விடுவித்தார். தம் நாட்டில் மீண்டும் போதிக்கக் கூடாது என உத்தரவிட்டார்.

ஐரோப்பியப் பயணம்

விடுதலைக்குப் பின் மிஷனின் நிலையை விளக்க அருளானந்தர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். போர்த்துக்கல் சென்றபோது அவருடைய இளமைக்கால நண்பர் இரண்டாம் பேத்ரோ அரசராக இருந்தார். அருளானந்தர் தம் நாட்டிலேயே தங்க வேண்டும் என அரசர் விரும்பினார். அருளானந்தர் அதை ஏற்கவில்லை. ஐரோப்பாவிலும் அவர் தமிழகத்தில் கடைப்பிடித்த உணவு ஒழுக்கத்தைத் தொடர்ந்தார் என அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1690-ல் கோவா திரும்பி, 1691-ல் மறவர் நாட்டுப் பணியை மீண்டும் தொடங்கினார்.

தடியத் தேவரும் மண வழக்கும்

மறவர் நாட்டின் குறுநிலத் தலைவர்களில் ஒருவரான தடியத் தேவர் கடுமையாக நோயுற்று அருளானந்தரின் உதவியை நாடினார். அருளானந்தர் ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நற்செய்தி வாசித்து ஜெபித்தபின் நோய் நீங்கியதாகத் தடியத் தேவர் நம்பினார். திருமுழுக்குப் பெற விரும்பினார்.

அவருக்குப் பல மனைவியர் இருந்தனர். ஒருவரை மட்டும் மனைவியாகக் கொள்ள வேண்டும் என்பது கிறிஸ்தவ மண ஒழுங்கு. தடியத் தேவர் அதற்கு உடன்பட்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரி 6 அன்று திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவினரான கடலை. அவர் சேதுபதியிடம் முறையிட்டார்.

இந்த நிகழ்வில் இரு தரப்பின் நியாயங்களும் மோதின. அருளானந்தருக்கு இது சமரசம் செய்ய முடியாத சமய ஒழுங்கு. மறவர் நாட்டிலோ மண உறவுகளே அரசியல் உறவுகள். ஒரு தலைவர் மனைவியை விலக்குவது அவளுடைய குடும்பத்துக்கு நேரும் அவமதிப்பு. விலக்கப்பட்ட பெண்களின் நிலையும் கேள்விக்குரியதாகியது. மேலும் தடியத் தேவர் ஆட்சியுரிமை கோரத்தக்க குடியில் பிறந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் வேறு சமயத்தை ஏற்பதைச் சேதுபதி அரசியல் ஆபத்தாகவும் பார்த்திருக்கலாம். போதிக்கக் கூடாது என்ற பழைய உத்தரவும் மீறப்பட்டிருந்தது.

ஓரியூரில் இறப்பு

1693 ஜனவரி 8 அன்று அருளானந்தர் கைது செய்யப்பட்டு ராமநாதபுரம் கொண்டு செல்லப்பட்டார். வெளிப்படையாக அவருக்கு நாடுகடத்தல் தண்டனையே விதிக்கப்பட்டது. ஆனால் நாட்டின் வட எல்லையிலிருந்த ஓரியூருக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே அதிகாரத்தில் இருந்த உடையார் தேவருக்கு மரண தண்டனைக்கான உத்தரவும் சென்றது.

பிப்ரவரி 3 அன்று சிறையிலிருந்து சக துறவிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். பேனாவும் மையும் இல்லாததால் கரியைக் கரைத்துக் குச்சியால் எழுதினார். அவற்றில் புலம்பலோ மீட்கும்படியான வேண்டுகோளோ இல்லை. நெடுநாள் விரும்பியது கைகூடுவதாகவே மரணத்தைக் குறிப்பிட்டார்.

மறுநாள் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். அன்று பாம்பாற்றின் அருகே அவர் தலை வெட்டப்பட்டது. உடல் கழுமரத்தில் தொங்கவிடப்பட்டது.

புனிதர் பட்டம்

அருளானந்தரைப் புனிதராக அறிவிக்கும் முயற்சி விரைவில் தொடங்கியது. எனினும் 250 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இதற்கு முக்கியமான காரணம் ‘மலபார் சடங்குகள்’ குறித்த விவாதம். காவி, பூணூல், சாதிவழக்குகள் போன்றவற்றை மிஷன் அனுமதித்தது சரியா என்று ரோமில் நீண்ட காலம் வாதிக்கப்பட்டது. 1704-ல் கர்தினால் துர்னோன் இவற்றில் பலவற்றைத் தடை செய்தார். இச்சடங்குகளைப் பின்பற்றியது அருளானந்தரின் புனிதர் பட்டத்துக்குத் தடையல்ல என்று 1741-ல் பதினான்காம் பெனடிக்ட் அறிவித்தார். 1773-ல் இயேசு சபையே கலைக்கப்பட்டதால் முயற்சி மீண்டும் நின்றது. 1853-ல் ஒன்பதாம் பத்திநாதர் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். 1947 ஜூன் 22 அன்று பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதராக அறிவித்தார்.

வழிபாடும் நினைவும்

ஓரியூர் இன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள திருத்தலம். அருளானந்தரின் ரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பப்படும் செம்மண்ணைப் பக்தர்கள் எடுத்துச் செல்கின்றனர். நோய் தீரவும் குழந்தைப்பேறு வேண்டியும் நேர்ந்துகொள்கின்றனர். குழந்தைகளுக்கு முடியெடுத்தல், தென்னங்கன்று அளித்தல், கிடா வெட்டி விருந்திடுதல் ஆகிய நேர்த்திக்கடன்கள் நிறைவேற்றப்படுகின்றன. கிறிஸ்தவர்களுடன் இந்துக்களும் பெருமளவில் வருகின்றனர். அவரைக் கொன்ற நாட்டின் மக்களே அவரைத் தம் காவலராக ஏற்றுக்கொண்டனர்.

மதுரை ஞானஒளிவுபுரத்தில் உள்ள புனித பிரிட்டோ மேல்நிலைப்பள்ளியும், உசிலம்பட்டி செல்லும் சாலையில் கருமாத்தூரில் 1970-ல் தொடங்கப்பட்ட அருள் ஆனந்தர் கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கியுள்ளன.

வரலாற்று இடம்

மதுரை மிஷன் துறவிகளின் கடிதங்கள் நாயக்கர், சேதுபதி காலத் தமிழக வரலாற்றுக்கு முக்கியமான சான்றுகள். அருளானந்தரின் வாழ்வையும் அவற்றின் வழியாகவே அறிகிறோம். அக்கடிதங்கள் ஒரு தரப்பின் பார்வை கொண்டவை என்பதையும் கருத வேண்டும். பண்டாரசாமி முறை தாழ்த்தப்பட்ட மக்களிடம் செல்ல வழி திறந்தது. ஆனால் சாதி வேற்றுமையை அது நீக்கவில்லை. கிறிஸ்தவர்களிடையேயும் சாதிப் பிரிவு தொடர்ந்தது.

இந்த எல்லைகளுக்குள் அருளானந்தரின் தனித்தன்மை அவருடைய தேர்வில் உள்ளது. ஒருமுறை சித்திரவதைக்கு உள்ளாகி, அரசரின் நட்பும் பாதுகாப்பும் கிடைத்தபின், தடை விதிக்கப்பட்ட நாட்டுக்கே அவர் திரும்பினார். இறைவன்மேல் கொண்ட நம்பிக்கை தம்மைக் காப்பாற்றும் என்று அவர் கூறவில்லை. எது நேர்ந்தாலும் தாம் தொடங்கிய பணியில் நிற்பதையே நம்பிக்கையாகக் கொண்டார்.