மைசூர் ராணியும் அம்மை குத்திய கையும்

1792-ல் தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியரும் அவருடைய உடன்பிறந்தவரின் மகன் வில்லியமும் தென்னாட்டைச் சுற்றிப் பார்க்க மதராஸிலிருந்து கிளம்பினார்கள். திரும்பிப் போய் 1795 முதல் 1808 வரை அவர்கள் லண்டனில் அச்சிட்ட 144 இந்தியக் காட்சிகளில் பாபநாசம் அருவி உண்டு, மதுரை புதுமண்டபமும் உண்டு. கோட்டைக்கும் குன்றுக்கும்கூடப் பெயர் போட்டிருக்கிறார்கள். அவற்றின் அடியில் நிற்கும் மனிதர்களுக்குத்தான் பெயரில்லை.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். 1769-ல் மதராஸ் வந்திறங்கிய டில்லி கெட்டில் தொடங்கி, வந்த ஓவியர்களில் பலர் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளிடமும் நவாபுகளிடமும் கூலி வாங்கி வரைந்தவர்கள். பெரிய வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண் முன்னால் உட்காரும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆட்டக்காரிகளும் வெள்ளைக்காரர்களின் துணைவிகளான ‘பீபி’களுமே அதிகம் உட்கார்ந்தார்கள். தாமஸ் ஹிக்கி 1787-ல் வரைந்த ஒரு பெண், கல்கத்தா வக்கீல் வில்லியம் ஹிக்கியின் துணைவி ஜெம்தானியாக ‘இருக்கலாம்’ என்றுதான் அயர்லாந்து தேசிய ஓவியக்கூடம் சொல்கிறது. பெயர் தெரியாத இந்தியப் பெண் என்றால் ஆட்டக்காரியாகத்தான் இருப்பாள் என்று முடிவு கட்டுவதும் வெகுகாலம் நடந்தது.

அதே தாமஸ் ஹிக்கி 1805 வாக்கில் வரைந்த மூன்று பெண்கள் அந்த முடிவைக் குப்புறத் தள்ளினார்கள். அவர்களையும் முதலில் தாசிகள் என்றே நினைத்தார்கள். நைஜல் சான்சலர் என்ற வரலாற்றாசிரியர் நகைகளையும் அரண்மனை ஆவணங்களையும் ஒப்பிட்டு, இவர்கள் மைசூர் அரச குடும்பத்துப் பெண்கள் என்றார். திப்பு விழுந்த பின் கும்பினி அரியணையில் ஏற்றிய சிறுவன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் வீட்டுப் பெண்கள்.

படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் நிற்கும் இளம்பெண் சேலையைச் சற்றே விலக்கிக் கையைக் காட்டுகிறாள். அலட்சியமாக நழுவிய சேலை அல்ல அது. அம்மை குத்திய இடத்தைக் காட்டத்தான் விலக்கியிருக்கிறாள் என்பது சான்சலரின் வாதம். அவள் இளைய ராணி தேவஜம்மணி. இடப்பக்கத்தவளுக்கு மூக்குக்குக் கீழேயும் வாயைச் சுற்றியும் தோல் வெளுத்திருக்கிறது. அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதும் பழைய முறையின் தழும்பு அது என்கிறார். பழசும் புதுசும் ஒரே படத்தில். எல்லாரும் இதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் அந்த விலகிய சேலைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

கும்பினிக்கு இப்படி ஒரு படம் தேவையாகவும் இருந்தது. ஆங்கிலேய மருத்துவர் ஜென்னரின் பசு அம்மை மருந்து 1802-ல்தான் பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குப் பலித்திருந்தது. ஐஸ்பெட்டி இல்லாத காலம். குத்திக்கொண்ட ஒருவர் கைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்தவர் கையில் ஏற்ற வேண்டும். யார் உடம்பு நீர் யார் உடம்பில் ஏறுவது? சாதி பார்க்கும் ஊரில் அந்தக் கேள்வியைத் தாண்டுவது லேசில்லை. பழைய முறையைத் தொழிலாகச் செய்தவர்களுக்கோ பிழைப்பு போய்விடும். மதராஸில் கும்பினி அதிகாரி எல்லீஸ் துரை, பசு அம்மையைப் பற்றிச் சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதுபோல ஒரு கதையே கட்டி எழுதிப் பார்த்தார்.

மைசூரில் கதை தேவைப்படவில்லை. ராணி குத்திக்கொண்டதைப் பார்த்து ஜனங்களும் முன்வந்தார்கள் என்று 1806 ஜூலை மாத அரண்மனைக் குறிப்பு சொல்கிறது.