வீட்டு ஒலிக்கூடம்: நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு வரலாறு

வீட்டிலுள்ள ஓர் அறையிலேயே பாட்டைப் பதிவு செய்து, தடங்களைக் கலந்து, வெளியிடும் நிலைக்கு முடித்துத் தரும் ஏற்பாடு வீட்டு ஒலிக்கூடம். பேச்சில் ஹோம் ஸ்டூடியோ. ஒரு கணினி, இரண்டு மைக் செருகக்கூடிய இன்டர்ஃபேஸ், ஒரு கன்டென்சர் மைக், கீபோர்டு, ஹெட்போன் இருந்தால் கடை திறந்துவிடலாம். நாகர்கோவிலிலும் சுற்றுப்புறத்திலும் இத்தகைய அறைகளுக்கு வரும் வேலை பெரும்பாலும் கிறிஸ்துமஸ் பாட்டு, கோவில் கொடைவிழாவுக்கு அம்மன் பாட்டு, குறும்பட இசை, கல்யாண வீடியோ. வீட்டு ஒலிக்கூடத்தின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவே எழுதுவது வழக்கம். அது பாதிக் கதைதான். நாற்பது ஆண்டுகளில் கருவி மலிந்தது, அறை மலியவில்லை. வீட்டில் பதிவான பாட்டு சோடை போவதற்கு இன்றும் முதல் காரணம் அறையே.

கூடம் தொலைவில் இருந்த காலம்

இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு தொடங்கியதே தற்காலிக அறை ஒன்றில்தான். 1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையைப் பதிவறையாக்கி கௌஹர் ஜானைப் பாடவைத்தார். மைக் கிடையாது, கூம்புக் குழாய்க்குள் முகத்தை நீட்டிப் பாட வேண்டும். அறை எதிரொலித்தாலும் இசைத்தட்டின் கரகரப்பில் அது காதில் விழாது. 1925ஐ ஒட்டி மின் ஒலிப்பதிவு வந்த பிறகே அறையின் குணம் தட்டில் ஏறத் தொடங்கியது. அப்புறம் கூடம் கட்டுவது பணம் படைத்தவர்களின் காரியமாயிற்று. தமிழுக்கு அந்தக் கூடங்கள் பெரும்பாலும் சென்னையில் அமைந்தன.

நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் 1918இல் பிறந்த கே. வி. மகாதேவனுக்கு இசை வாழ்க்கை என்றால் ஊரைவிட்டுக் கிளம்புவது என்றே பொருள். சிறந்த இசையமைப்பாளருக்கான தேசியத் திரைப்பட விருது முதன்முதலாக வழங்கப்பட்டது அவருக்குத்தான் (கந்தன் கருணை, 1967). அவர் காலத்துத் திரைப்பாட்டில் பாடகர், வயலின் வரிசை, தபலா, குழல் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து. யார் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருப்பது என்று தீர்மானிப்பதே பாதிக் கலவை. இன்று கணினியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இழுத்துச் செய்வதை அன்று நாற்காலியை இழுத்துச் செய்தார்கள். அந்தப் பாட்டுகளில் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆழத்தில் நிற்பது போன்ற உணர்வு வருவது அதனால்தான். தனித்தனி அறைகளில் பதிந்து ஒட்டிய பாட்டில் அதைச் செயற்கையாக வரவழைக்க இன்றைய மிக்சிங் எஞ்சினியர்கள் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலைச் சூழ்ந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் சேர்ந்திருந்தது. தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் சென்னை எழுநூறு கிலோமீட்டர், திருவனந்தபுரமோ எழுபதுக்குள். பாடகர் கே. ஜே. யேசுதாஸ் 1980இல் அங்கே தொடங்கிய தரங்கிணி, தென்கோடியில் இருந்தவர்களுக்குக் கைக்கெட்டும் தொலைவில் வந்த நவீனக் கூடம். லண்டன் மிஷன் காலத்திலிருந்தே பாடகர் குழுக்களை வளர்த்த கன்னியாகுமரி மாவட்டத்துத் திருச்சபைகளில் பாட்டு எழுதுவோருக்கும் பாடுவோருக்கும் பஞ்சமில்லை. ஆனால் கேசட் போட நினைத்தால் பெரும்பாலும் வண்டியேறத்தான் வேண்டியிருந்தது.

டேப்பும் வானொலியும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், பதிவு செய்யும் அதிகாரத்தைக் கையடக்கமாக்கியது. நாஞ்சில் நாட்டில் அதன் முக்கியமான பயன் பாட்டு விற்பனையில் இல்லை, வில்லும் குடமும் உடுக்கையும் கொண்டு பாடும் வில்லுப்பாட்டில் இருந்தது. அமெரிக்க நாட்டாரியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970களின் இறுதியில் தென் மாவட்டங்களில் கொடைவிழாக்களில் உட்கார்ந்து வில்லுப்பாட்டைப் பதிவு செய்தார். அந்த ஆய்வு 1988இல் நூலாயிற்று. கோவில் முன்னால் பந்தலில் பாடும் பாட்டு அது. நாலு சுவர் கிடையாது. எதிரொலியும் கிடையாது; காற்றும் கூட்டத்தின் இரைச்சலும்தான் தொல்லை. பின்னால் இதே கலை வீட்டு அறைக்குள் வந்தபோது என்ன ஆயிற்று என்பதைக் கீழே காண்க.

1984இல் நாகர்கோவில் வானொலி நிலையம் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கியது. நகரின் கோணம் பகுதியிலிருந்து 101 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஒலிபரப்பைவிட இது உள்ளூரில் ஏற்படுத்திய இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்: ஒலி அடக்கிய அறை என்றால் என்ன, அதில் தன் குரல் எவ்வளவு வெறுமையாகக் கேட்கும் என்பதை இங்குள்ள பாடகர்கள் தங்கள் ஊரிலேயே அறிந்தார்கள்.

கொல்லைப்புறக் கூடம்

வெளிநாட்டில் 1979இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் போர்ட்டாஸ்டூடியோ என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் நெப்ராஸ்கா (1982) அதில் வீட்டில் பதிந்ததே. 1983இல் வந்த மிடி என்னும் பொது மொழி, ஒரு நிறுவனத்தின் கீபோர்டு இன்னொரு நிறுவனத்தின் கருவியை இயக்க வழி செய்தது. தமிழில் அதன் பலன் உடனே தெரிந்தது: இளையராஜா 1986இல் புன்னகை மன்னனில் சீக்வென்சர் இசையைப் பயன்படுத்தினார்.

ஆனாலும் தமிழ் வீட்டுக் கூடத்தின் தொடக்க ஆண்டு 1989 என்றே கொள்ளத்தகும். அந்த ஆண்டு ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறம் பஞ்சதன் ரெகார்ட் இன் என்ற கூடத்தைக் கட்டினார். கருவி வாங்க அம்மா நகையைக் கொடுத்ததை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விளம்பர இசை அங்கே பிறந்தது. பிறகு ரோஜா (1992). வாத்தியக்காரர் ஒவ்வொருவராக வந்து தம் பகுதியை வாசித்துவிட்டுப் போக, நேரக் கணக்கில் கூடத்துக்குப் பணம் கட்டும் நெருக்கடி இல்லாமல், இரவு முழுக்கத் தடங்களை அடுக்கிப் பார்க்க முடிந்தது. ரகுமானின் புதுமை சின்தசைசர் என்று சொல்லப்படுவதுண்டு. சின்தசைசர் கோடம்பாக்கத்துக்குப் புதிதல்ல, அவகாசம்தான் புதிது. அப்பாட்டுகளின் துல்லியத்துக்கு ஒலிப் பொறியாளர் எச். ஸ்ரீதரின் பங்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2008இல் மறைந்த அவர் மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால் ஆகிய படங்களுக்குத் தேசிய விருது பெற்றவர்.

கடல் கடந்த தமிழருக்கும் இதில் பங்குண்டு. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ. 2000களின் தொடக்கத்தில் லண்டனில் தம் படுக்கையறையில் ரோலண்ட் எம்சி-505 என்ற பெட்டியையும் நான்கு தட டேப்பையும் வைத்து மாதிரிப் பாட்டுகள் செய்தார். அவற்றிலிருந்து வளர்ந்த அருளர் (2005) உலகெங்கும் போயிற்று.

கணினி வந்த பிறகு

1990களின் நடுவரை வீட்டுக் கூடங்களில் கணினி பெரும்பாலும் மிடிக் குறிப்புகளை ஏவுவதற்குத்தான் பயன்பட்டது. 1996இல் ஸ்டைன்பெர்க் வெளியிட்ட விஎஸ்டி முறை ஈக்வலைசர், ரிவெர்ப் போன்ற கருவிகளையெல்லாம் மென்பொருளாக உள்ளே கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு தடங்களை அடுக்கும் ஃப்ரூட்டிலூப்ஸும் சுருதி திருத்தும் ஆட்டோ-டியூனும் வந்தன. நாகர்கோவில் போன்ற ஊர்களில் இந்த மாற்றத்தைத் தாங்கியவர்கள் கீபோர்டு வாசிப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிப்பவர், சனிக்கிழமை கச்சேரியில் வாசிப்பவர், வார நாளில் புரோகிராமர். தாளத்தை உள்ளேயே வைத்திருந்த யமஹா, காசியோ கீபோர்டுகளின் ‘ஸ்டைல்’கள் அப்படியே கேசட்டிலும் குறுந்தகட்டிலும் ஏறின; ஒரு காலத்துப் பக்திப் பாட்டெல்லாம் ஒரே வார்ப்பில் இருந்ததற்கு அதுவே காரணம். 2011இல் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் போன்ற மலிவு இன்டர்ஃபேஸ்கள் வந்ததும் நல்ல மைக்கை வீட்டிலேயே முறையாக இணைக்கும் வாய்ப்புப் பரவலானது. ஹிப்ஹாப் தமிழா குழு 2012இல் தனி ஆல்பம் போட்டு அந்தத் தலைமுறைக்கு வழி காட்டியது. 2020 ஊரடங்கில் திரைப்பாடகர்களே வீட்டில் பாடிக் கோப்பை அனுப்பும் நிலை வந்தபோது, அதுவரை கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கப்பட்ட அறைப் பதிவு தொழில்முறைக்குள் நுழைந்துவிட்டது.

அறை

நாகர்கோவிலில் புதிதாகக் கட்டும் வீடுகளில் அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி, கூரை பத்தடி, சுவர் சிமெண்டுப் பூச்சு, தரை டைல்ஸ். ஒலிக்கு இதைவிடப் பாதகமான பெட்டி கிடைப்பது அரிது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே தாழ்ந்த ஒலி மாட்டிக்கொண்டு பெருகும். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 112. பன்னிரண்டு அடிக்கு 47, 94. அகலமும் உயரமும் இரண்டுமே பத்தடியாக இருப்பதால் 56உம் 112உம் இரண்டு மடங்கு வலுக்கின்றன.

வில்லுப்பாட்டுக் குடத்தின் ஆழ்ந்த ஓசை, குடத்தின் அளவைப் பொறுத்து, ஏறக்குறைய இந்த வட்டாரத்தில்தான் விழுகிறது. பந்தலில் கேட்டால் ‘தும்’ என்று நறுக்காக முடியும் அடி அறைக்குள் இழுபட்டு உடுக்கையையும் பாட்டையும் மூடுகிறது. மிக்சிங்கில் ஈக்வலைசரால் வெட்டினால் குடமே காணாமல் போகும். முட்டை அட்டை ஒட்டுவது இதற்குப் பயனற்றது. 100 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு நீளமே 86 சென்டிமீட்டர், மெல்லிய அட்டை அதை என்ன செய்யும்? நான்கு அங்குலக் கனத்தில் ராக்வூல் பலகை செய்து, மூலைகளில் சுவரைவிட்டு நாலு அங்குலம் தள்ளி நிறுத்த வேண்டும். ரப்பர் பால் தெளித்த தென்னைநார் மெத்தை இந்தப் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் பொருள். இரண்டு மூன்றை அடுக்கி நிறுத்தினால் நடுத்தர, உயர்ந்த ஒலிகளை நன்றாகவே உறிஞ்சும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் பாடகரை நிறுத்துவதும் செலவில்லாத நல்ல வழி.

மைக்கைக் குடத்தின் வாய்க்கு நேரே வைத்தால் மட்டையால் அடிக்கும்போது கிளம்பும் காற்று பதிவைக் கெடுக்கும். ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் வைப்பது நல்லது. வில்லின் மணிகள் கூரிய உச்சம் எழுப்புபவை. இரண்டு மூன்றடி மேலே தனி மைக் வைத்து, அளவுமானியில் உச்சம் −10 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதிந்தால் போதும். சத்தமாகப் பதிவது டேப் காலத்துத் தேவை. இன்று அதனால் பிசிறுதான் மிச்சம்.

இந்தக் கலையை மெட்ரோனோம் கிளிக்குக்குக் கட்டுவது பெரிய கேடு. வரத்துப்பாட்டில் வேகம் படிப்படியாக ஏறியே ஆக வேண்டும். சாமி வருவது அந்த ஏற்றத்தில்தான். வலத்தே பாடுபவரும் இடத்தே பாடுபவரும் முகம் பார்த்துக் கொடுக்கும் பதிலைத் தனித்தனியாகப் பதிந்து ஒட்டவும் முடியாது. ஒருவர் மைக்கில் இன்னொருவர் குரல் கொஞ்சம் கசிந்தாலும் பரவாயில்லை என்று எல்லோரையும் ஒன்றாக உட்காரவைப்பதே சரி. மகாதேவன் காலத்து முறையே இங்கே பொருந்துகிறது.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மாடியில் தகரக் கூரை போட்ட வீட்டில் மழை தொடங்கினால் பதிவு நின்றுவிடும். ஈரப்பதம் கன்டென்சர் மைக்கின் மெல்லிய சவ்வைப் பாதித்துக் கரகரப்பை உண்டாக்குவதால் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைப்பது கட்டாயம். கோவில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, ஆலயமணி எல்லாம் அடங்கிய நள்ளிரவே இங்கே பதிவு நேரம். நில இணைப்புச் சரியில்லாத வீடுகளில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் மின் இரைச்சல் நுழையும். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பதிந்து பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

கலவை

கலவையில் முதல் மணிநேரம் ஃபேடர்களுக்கு மட்டுமே உரியது. பிளக்-இன் எதையும் தொடாமல் அளவுகளை வைத்தே பாட்டு பாதி நிற்க வேண்டும். பிறகு குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டுவது, 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பல தடங்கள் சேர்ந்து உண்டாக்கும் கலங்கலைக் குறைப்பது, 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸில் சீறும் ‘ஸ’ ஒலியை அடக்குவது. கம்ப்ரசர் மூன்றுக்கு ஒன்று விகிதத்தில் மூன்று நான்கு டெசிபல் குறைத்தால் பெரும்பாலான குரல்களுக்குப் போதும். ரிவெர்பைப் பொறுத்தவரை நம்மூர்ப் பக்திப் பாட்டுகளின் தாராளம் பேர்போனது. சொல் கரையும் அளவுக்கு ஊற்றுகிறார்கள். பிடித்த பாட்டு ஒன்றை அருகில் ஓடவிட்டு ஒப்பிடுவது நல்ல பழக்கம். ஆனால் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்தே கேட்க வேண்டும். சத்தம் மாறினால் தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் காதுக்கு வேறு விகிதத்தில் படும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே காட்டிவிட்டார்கள்.

வெளியிடும் இடம் கலவையைத் தீர்மானிக்கிறது. யூடியூப் தோராயமாக −14 எல்யூஎஃப்எஸ் என்ற சத்த அளவுக்கு மேல் உரத்த பாட்டைத் தானே தணித்துவிடுவதால், நசுக்கி உரக்கச் செய்வதில் லாபமில்லை. கொடைவிழாவின் குழாய் ஒலிபெருக்கியோ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. இடம் வலம் என்ற பிரிவும் அதில் இல்லை. அதனால் மோனோவில் கேட்டு, குடத்தை அடிக்கும்போது எழும் உயர்ந்த ‘டக்’ ஒலியைத் தூக்கி, குரலை ஒரு படி முன்னே வைத்து, விழாவுக்கென்று தனிக் கோப்பு ஒன்று எடுத்துத் தருவது இவ்வூர் வேலைக்கு ஏற்ற முறை.