உலோகக் கண்ணாடிகளின் உயர்வெப்ப ஆக்சிஜனேற்றம்

உருகிய கலப்புலோகத்தின் அணுக்கள் படிக வரிசையில் அமர்வதற்குள் அதை உறையவைத்தால் கிடைப்பது உலோகக் கண்ணாடி. 1960இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டூவெஸ் குழுவினர் தங்கம்–சிலிக்கன் உருகலை நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் டிகிரி வேகத்தில் குளிரவைத்து முதன்முதலில் இதைப் பெற்றனர். இந்தியாவில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் டி. ஆர். அனந்தராமன் இத்துறைக்கு முன்னோடி. அவரும் சி. சூரியநாராயணாவும் எழுதி 1971இல் வெளியான திறனாய்வுக் கட்டுரை, இத்துறையின் முதல் பத்தாண்டு வேலைகளைத் தொகுத்துத் தந்தது.

எஃகுக்கு 400 டிகிரி செல்சியஸ் பெரிய வெப்பமல்ல. உலோகக் கண்ணாடிக்கோ அது ஆபத்தான எல்லை. சிர்க்கோனியம் சார்ந்த கண்ணாடிகள் 350–400 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். இன்னும் சூடேறினால் படிகமாகிவிடும். ஆகவே இங்கே ‘உயர்வெப்பம்’ என்பது பெரும்பாலும் 300 முதல் 500 டிகிரி வரை.

சாதாரண உலோகத்தில் படிகத் துகள்களின் எல்லைகள் வழியாக ஆக்சிஜன் எளிதில் உட்புகும். கண்ணாடியில் அந்த எல்லைகளே இல்லை. அறைவெப்பத்தில் குரோமியம் கலந்த இரும்புக் கண்ணாடிகள் துருவை நன்றாக எதிர்ப்பதற்கு இச்சீர்மையும் ஒரு காரணம். ஆனால் இதை நம்பி உயர்வெப்பத்திலும் அப்படியே இருக்கும் என்று கருதக்கூடாது. அங்கே முடிவு செய்வது கலவையில் உள்ள தனிமங்களின் ஆக்சிஜன் நாட்டம்.

சிர்க்கோனியம், அலுமினியம், நிக்கல், தாமிரம் கலந்த கண்ணாடியைக் காற்றில் சூடாக்கினால் சிர்க்கோனியமும் அலுமினியமும் முந்திக்கொண்டு ஆக்சைடாகின்றன. தூய சிர்க்கோனியம் ஆக்சைடு சுமார் 1,170 டிகிரிக்கு மேல்தான் நாற்கோண வடிவில் நிலைக்கும். ஆனால் கண்ணாடியின் மேல் உருவாகும் இந்த ஆக்சைடுப் படலத்தில் துகள்கள் நானோமீட்டர் அளவில் இருப்பதால் 400 டிகிரியிலேயே அந்த வடிவம் காணப்படுகிறது. எஞ்சிய தாமிரம் சில கலவைகளில் வெளிப்புறம் வந்து தாமிர ஆக்சைடாகிறது. படலம் தடித்தால் ஆக்சிஜன் உள்ளே செல்லும் பாதையும் நீளும். அதனால் பெரும்பாலும் பரவளைய விதி செல்லும்: தடிமன் இரு மடங்காக நான்கு மடங்கு நேரம் வேண்டும். இளகிய நிலையில் அணுக்கள் விரைந்து நகர்வதால் வேகம் கூடிவிடும்.

இதில் முக்கியமான சேதம் மேற்படலம் அல்ல, அதற்குக் கீழே நடப்பது. சிர்க்கோனியம் குறைந்து தாமிரமும் நிக்கலும் செறிந்த அடுக்கு, கண்ணாடியாக நிலைக்கத் தேவையான விகிதத்தை இழக்கிறது. எனவே உட்பகுதி கண்ணாடியாக இருக்கும்போதே அந்த அடுக்கில் படிகங்கள் முளைத்துவிடலாம்.

தயாரிப்பிலும் ஆக்சிஜன்தான் எதிரி. உருகலில் கரைந்த சிறிதளவு ஆக்சிஜனே படிகங்களுக்கு வித்தாகிவிடுவதால், இக்கலவைகளை வெற்றிடத்திலோ ஆர்கான் வாயுவிலோ உருக்குகிறார்கள். மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரை மணலில் உள்ள சிர்க்கான் கனிமத்திலிருந்து சிர்க்கோனியத்தைப் பிரிப்பதும் அதன் ஆக்சிஜன் நாட்டத்தால்தான் கடினம். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் 2009 முதல் அணு உலைகளுக்கான சிர்க்கோனியம் தயாராகிறது. ஆக்சைடை முதலில் குளோரைடாக்கி, பிறகு மக்னீசியத்தால் ஒடுக்குகிறார்கள்.

அன்றாடப் பயனில் முதலிடம் இரும்பு–போரான்–சிலிக்கன் நாடாவுக்கு. 0.025 மில்லிமீட்டர் தடிமனுள்ள இந்நாடாவை டிரான்ஸ்ஃபார்மர் உள்ளகமாகச் சுற்றி, உள்தகைவு நீங்க 350 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், பொதுவாக நைட்ரஜன் போன்ற மந்த வாயுச் சூழலில் பதப்படுத்துவார்கள். காற்றில் சூடாக்கினால் மேற்பரப்பு வைக்கோல் நிறமேறி நீலமாகும். அந்நிறம் ஆக்சைடுப் படலத்தின் தடிமனைக் காட்டுவது. பதப்படுத்தும் முன் இரண்டாக மடித்தாலும் முறியாத நாடா, பின்னர் கைவிரலால் வளைத்தாலே உடைந்துவிடும். இந்த நொறுங்குதன்மைக்கு ஆக்சைடு காரணமல்ல. சூட்டில் உள்ளே அணுக்கள் இறுகி அமர்வதே காரணம். இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

அலுமினியம் போன்ற சேர்க்கைகள் ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்தும்; படிகமாகும் வெப்பநிலையைத் தாண்டிக் கண்ணாடியைக் காக்க அவற்றால் முடியாது. எனவே உலை, எஞ்சின் பாகங்களுக்கு இன்றைய உலோகக் கண்ணாடிகள் ஏற்றவை அல்ல.