மஞ்சள் பாத்தியில் நடமாடும் நெடுங்கால் ஈ

இஞ்சி, மஞ்சள் பாத்திகளிலும் அழுகும் வாழைத்தண்டின் மேலும் ஒல்லியான கறுப்பு ஈ ஒன்று நடந்து திரிவதைக் கண்டிருப்பீர்கள். அது முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும். பார்ப்பவருக்குக் குளவி என்றே தோன்றும்.

குளவிக்கு நான்கு சிறகுகள், ஈக்கு இரண்டுதான். மற்றக் கால்களைவிட முன்னங்கால்கள் தெளிவாகக் குட்டையாக இருந்தால், அது மைக்ரோபெசிடே குடும்பத்து நெடுங்கால் ஈயாக இருக்கலாம். இக்குடும்பத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தென்னாசியாவில் காணப்படும் மிமெக்ராலா சாதியில் பலவற்றுக்கு முன்பாதம் வெள்ளை, சிறகில் கருமையான பட்டைகள். வெள்ளைப் பாதத்தை மட்டும் வைத்து இனத்தின் பெயரைச் சொல்லிவிட முடியாது. சிறகின் கோலம், உடல் மயிர்கள், ஆண் ஈயின் வயிற்று நுனி ஆகியவற்றை நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். கைத்தொலைபேசிப் படம் பெரும்பாலும் சாதி வரைதான் கொண்டுபோகும். மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்து, ஈயை மதுசாரத்தில் இட்டு வைத்தால் ஆய்வாளருக்கு உதவும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டு விலை ஏறியபின், வீட்டுக்காணியில் மஞ்சள் நட்டவருக்கு விதைக்கிழங்கே பெரிய முதல். அழுகிய கிழங்கைப் பிளந்தால் வெண்புழு நெளியும். மேலே ஈ நடக்கும். உடனே பழி ஈயின் மேல் விழுகிறது, மருந்தடிக்கக் கை போகிறது.

இந்தியாவில் இஞ்சிக் கிழங்கு ஈ எனப்படும் மிமெக்ராலா சீருலிஃப்ரான்ஸ் மீதும் இதே பழிதான். 13 முதல் 15 மில்லிமீற்றர் நீளமான ஈ அது. ஏற்கெனவே அழுகத் தொடங்கிய கிழங்கைத் தேடியே அது முட்டையிடுகிறது என்பதே அங்கு செய்த ஆய்வுகள் பலவற்றின் முடிவு. அழுகலைத் தொடக்குவது பெரும்பாலும் பித்தியம் என்ற, மண்ணில் வாழும் பூஞ்சை போன்ற நோய்க்கிருமி. தண்ணீர் தேங்கினால் அதற்குக் கொண்டாட்டம்.

கீழிலை மஞ்சளித்து, தண்டின் அடி நீர்கோத்து, இழுத்ததும் செடி கையோடு வந்தால் அழுகல்தான். தண்டில் ஓட்டையும் எச்சமும் இருந்து, உள்ளே தலையும் காலும் உள்ள புழு கிடந்தால் அது தண்டுதுளைப்பான், அந்துப்பூச்சியின் புழு. ஈயின் புழுவுக்குக் காலில்லை, தலையும் தெளிவாகத் தெரியாது.

அழுகிய செடியை மண்ணோடு அகற்றி, வடிகால் வெட்டுங்கள். அந்தப் பாத்திக் கிழங்கை அடுத்த போகத்துக்கு விதையாக வைக்காதீர்கள்.