ஸ்டான்ஃபோர்டு மகளிர் கூடைப்பந்து அணி

1896ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 4ஆம் நாள். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பெரிய மண்டபத்தின் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. உள்ளே ஐந்நூறுக்குக் குறையாத பெண்கள் கூடியிருந்தனர். ஆடவர் ஒருவருக்கும் அனுமதி இல்லை. வெளியே நின்ற இளைஞர்கள் கூரைமீதும் சன்னல்களிலும் ஏறி எட்டிப் பார்க்க முயன்றனர். காவல் நின்ற பெண்கள் கோல்களைக் கொண்டு அவர்களை விரட்டினர். உள்ளே நடந்தது வேறொன்றுமன்று. ஒரு கூடைப்பந்து ஆட்டம். ஒருபுறம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவியர் ஒன்பதின்மர். எதிர்ப்புறம் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவியர் ஒன்பதின்மர். இரு பல்கலைக்கழகங்களின் மகளிர் அணிகள் தம்முள் மோதிய முதற் கூடைப்பந்துப் போட்டி இதுவே.

ஆட்டத்தின் நடுவே கூடை ஒன்று நிலைகுலைந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு ஆடவரை உள்ளே விட வேண்டியதாயிற்று. அவர்களைக் கண்டதும் பெர்க்கிலி மாணவியர் கூவிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கினர் என்று அக்காலப் பத்திரிகை எழுதியது. செய்தி சேகரிக்கச் சென்ற நிருபர்களும் பெண்களே. முடிவில் ஸ்டான்ஃபோர்டு 2-1 என்ற கணக்கில் வென்றது. எண்ணிக்கை இவ்வளவு சிறிதாக இருப்பதைக் கண்டு நேயர்கள் நகைக்க வேண்டா. அன்றைய விதிப்படி ஒரு கூடைக்கு ஒரே புள்ளி; ஆட்டமோ பிறந்து ஐந்தாண்டுகூட நிரம்பவில்லை.

கூடைப்பந்து இயற்கையாக வளர்ந்த ஆட்டமன்று. ஒருவர் இருந்து வகுத்த ஆட்டம். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூரையின் கீழ் ஆடுவதற்கென 13 விதிகளுடன் இதனை அமைத்தார். கூடை என்பதும் உண்மையில் பழக்கூடையே. (சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர்.) சில வாரங்களுக்குள் இவ்வாட்டம் பெண்களிடம் வந்துவிட்டது. அண்மையிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன் இதனைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். ஆயினும் அவர் களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஆட்டக்காரி தன் பகுதியை விட்டு வெளியேறலாகாது என்று விதித்தார். பிறர் கையிலுள்ள பந்தைப் பறித்தலும் கூடாது. பெண்கள் ஓடிக் களைத்தால் உடல் கெடும் என்று மருத்துவரும் நம்பிய காலம் அது. அந்த அச்சத்திற்கு இணங்கிப்போகாவிடில் ஆட்டமே மறுக்கப்பட்டிருக்கும். பெரென்சனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டான்ஃபோர்டின் வெற்றிக்கு வருவோம். அது நீடிக்கவில்லை. 1899இல் அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழு, மாணவியர் வெளி அணிகளுடன் மோதுவதைத் தடை செய்தது. மாணவியரின் உடல்நலத்தைக் காத்தல் ஒரு காரணம். போட்டிகளால் வரும் விரும்பத்தகாத விளம்பரத்தைத் தவிர்த்தல் மற்றொன்று. தற்செயலோ அன்றோ, அதே 1899இல் வேறொரு கட்டுப்பாடும் வந்தது. அப்பல்கலைக்கழகம் 1884இல் பதினைந்தாம் வயதில் இறந்த தம் ஒரே மகன் லீலண்டின் நினைவாக ஸ்டான்ஃபோர்டு தம்பதியர் நிறுவியது. தொடங்கிய நாள் முதலே இருபாலாரும் ஒன்றாகப் பயின்றனர். ஆனால் எட்டாண்டுகளில் மாணவியர் தொகை ஐந்தில் இரண்டு பங்கை எட்டவே, மகனின் நினைவகம் மகளிர் கல்லூரியாகிவிடுமோ என்று ஜேன் ஸ்டான்ஃபோர்டு அம்மையார் அஞ்சினார். ஒரே காலத்தில் 500 மாணவியருக்கு மேல் பயிலலாகாது என்று வரம்பு கட்டினார். அவ்வரம்பு 1933 வரை நின்றது. விளையாட்டுத் தடையின் நிழலோ இன்னும் நீண்டது.

தடை விதித்தவர் யாவரும் ஆடவர் என்றோ, பெண்களின் பகைவர் என்றோ எண்ணுதல் தவறு. 1896இல் அம்மண்டபத்தில் ஆட்டம் நடந்த காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் லூ ஹென்றி என்ற மாணவி நிலவியல் பயின்றுகொண்டிருந்தார். பெண்கள் எட்டிப்பாராத அத்துறையில் 1898இல் பட்டமும் பெற்றார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஹெர்பர்ட் ஹூவரின் மனைவி இவரே. 1923இல் தேசிய அமெச்சூர் விளையாட்டுக் கூட்டமைப்பின் மகளிர் பிரிவு இவர் முயற்சியால் தோன்றியது. அதன் கொள்கை என்ன? சில வீராங்கனையரை வெற்றிக்காகப் பழக்குவதினும் எல்லாப் பெண்களும் மகிழ்ந்து ஆடுவதே மேல்; கல்லூரிகளுக்கிடையே போட்டிகள் வேண்டா. பல கல்லூரி மாணவியரையும் கலந்து அணி பிரித்து ஆடவைத்துச் சிற்றுண்டியுடன் முடிக்கும் 'விளையாட்டு நாள்கள்' நாடெங்கும் பரவின. நல்லெண்ணத்தில் பிறந்த கொள்கைதான். ஆயினும் வெல்ல விரும்பிய பெண்ணுக்கு அதில் இடமில்லை. ஆடவர் அணிகளுக்கு அரங்குகள் எழுந்த அந்த அரை நூற்றாண்டில், பெண்கள் களத்தின் ஒரு பாதியிலேயே நின்று ஆடினர். ஐவர் அணியாகக் களம் முழுவதும் ஓடும் உரிமை கல்லூரிப் பெண்களுக்கு 1971இல்தான் விதியாயிற்று.

மறு ஆண்டு, 1972 ஜூன் 23ஆம் நாள், கல்வித் திருத்தச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் நிக்சன் கையெழுத்திட்டார். அதன் ஒன்பதாம் பிரிவு, மைய அரசின் நிதி பெறும் கல்வித் திட்டம் எதிலும் பால் காரணமாக எவரையும் விலக்கலாகாது என்கிறது. சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகிவிட்ட எனக்கு இப்பிரிவைப் படிக்குந்தோறும் வியப்பு உண்டாகும். அதன் முதன்மை வாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்களே. 'விளையாட்டு' என்ற சொல் அதில் இல்லை. கூடைப்பந்தை நினைத்து அதை எழுதியவர் எவருமிலர். மாணவர் சேர்க்கையும் ஆசிரியப் பதவியுமே அவர்கள் மனத்தில் இருந்தன. எனினும் கல்லூரி விளையாட்டின் முகத்தை மாற்றியது அந்த வாசகந்தான். 1974-75ஆம் பருவத்தில் ஸ்டான்ஃபோர்டு மகளிர் கூடைப்பந்து, பல்கலைக்கழகத்தின் முறையான அணியாக மீண்டும் எழுந்தது. தடை விதித்து எழுபத்தைந்து ஆண்டுகள்! ஆசிரியர் குழுவின் ஒரு தீர்மானத்தால் போனது திரும்பி வர மூன்று தலைமுறை ஆயிற்று.

மீண்டெழுந்த அணி உடனே வென்றுவிடவில்லை. 1985இல் தாரா வான்டெர்வீர் பயிற்சியாளராக வந்தார். முதற் பருவத்தில் 13 வெற்றி, 15 தோல்வி. படிப்பில் கடுமையான தகுதி கேட்கும் பல்கலைக்கழகத்திற்குச் சிறந்த ஆட்டக்காரியரைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜிலிருந்து வந்த ஜெனிபர் அஸ்ஸி அணியின் உயிர்நாடியானார். 1990இல் நாட்டு வாகைப் போட்டியின் இறுதியாட்டம் அவரது ஊருக்கு அண்மையிலுள்ள நாக்ஸ்வில்லில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆபர்னை 88-81 என வென்றது. பார்த்தவர் இருபதாயிரம் பேர். ஆடவரை விரட்டக் கோலேந்தி நிற்க எவருமில்லை. 1992இல் மீண்டும் வாகை. 1996இல் வான்டெர்வீரின் பயிற்சியில் அமெரிக்க மகளிர் அணி அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றது.

மூன்றாம் வாகைக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 இறுதியில் பெருந்தொற்றின் காரணமாக உள்ளூர் நிர்வாகம் ஆட்டங்களைத் தடுக்கவே, அணி தன் அரங்கை விட்டுப் பல வாரங்கள் ஊர் ஊராக நாடோடிபோல் அலைந்தது. 2021இல் நாட்டுப் போட்டிக்காக டெக்சாஸ் சென்றபோது, ஆடவர் அணிகளுக்கு விரிந்த எடைப் பயிற்சிக் கூடம் அமைத்திருந்ததும், மகளிருக்குச் சிறு எடைகள் அடுக்கிய ஒரே தாங்கியும் சில விரிப்புகளும் வைத்திருந்ததும் வெளிப்பட்டன. அதனைப் படமெடுத்து உலகறியச் செய்தவர்களுள் ஸ்டான்ஃபோர்டின் பயிற்சி அலுவலர் ஒருவரும் உண்டு. கண்டனம் எழுந்தது; விசாரணையும் நடந்தது. 'மார்ச் மேட்னஸ்' என்ற புகழ்பெற்ற பெயரை ஆடவர் போட்டிக்கே உரியதாக வைத்திருந்த கல்லூரி விளையாட்டுச் சங்கம், 2022 முதல் மகளிருக்கும் அதனை வழங்கியது. 37 சொற்கள் சட்டமாகி அதற்குள் ஐம்பதாண்டுகள் ஆகிவிட்டன.

அந்த 2021 இறுதியாட்டம் சான் அன்டோனியோ நகரில் நடந்தது. எதிரணி அரிசோனா. கடைசி வினாடிகளில் ஒரே புள்ளி முன்னிலை. அரிசோனாவின் ஆரி மெக்டொனால்டு, மூவர் சூழ நின்றும், இறுதியாக எறிந்த பந்து கூடையில் விழவில்லை. ஸ்டான்ஃபோர்டு 54-53 என்று வென்றது. நாள் ஏப்ரல் 4. பூட்டிய மண்டபத்தில் இதே ஒரு புள்ளியால் வென்று சரியாக 125 ஆண்டுகள்.

வான்டெர்வீர் 2024இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு சனவரியில் 1,203ஆம் வெற்றி பெற்று, ஆடவர் அணிப் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கியைக் கடந்திருந்தார். விடைபெறுகையில் அவர் கணக்கு 1,216. அவருக்குப் பின் பொறுப்பேற்ற கேட் பே, 1992இல் வாகை சூடிய அணியில் ஆடிய மாணவி.